மினிடிவி கேசட்டிலிருந்து வீட்டுக் கணினிக்கு: கொடை விழாப் பதிவுகளை மீட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

தென்காசி மாவட்டக் கிராமம் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 2004 முதல் 2008 வரை தம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த கோயில் கொடைகளைத் தமது கேம்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றில் பெரும்பகுதி வில்லுப்பாட்டு. சில கேசட்டுகளில் கணியான் கூத்து என்ற நாட்டார் கலை. பாடியவர்களில் மூத்தவர்கள் பலர் இப்போது இல்லை. அவர்கள் அந்த இரவுகளில் பாடிய விதத்துக்கு அந்தக் குடும்பம் அறிந்தவரை வேறு பதிவும் இல்லை. இரும்பு பீரோவில் கிடந்த அந்த மினிடிவி கேசட்டுகளை வீட்டுக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசிரியரின் மகள் முயன்றபோது கேமரா நாடாவை ஒழுங்காகவே ஓட்டியது, அதன் சிறிய திரையில் படமும் தெரிந்தது. கணினி மட்டும் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. உதவி கேட்டு அவர்கள் என்னிடம் வந்தார்கள். கணினி ஏன் கேமராவை அறியவில்லை, எந்தெந்த வழிகள் இருந்தன, ஒன்றை ஏன் தேர்ந்தோம், நாடாவிலிருந்து என்ன வெளிவந்தது என்பதை அதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். (இக்கட்டுரையில் ‘டிவி’ என்பது டிஜிட்டல் வீடியோ வடிவத்தை மட்டுமே குறிக்கும், தொலைக்காட்சியைத் தொலைக்காட்சி என்றே எழுதுகிறேன்.)

வளைகுடாவில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் 2004 இல் வாங்கி வந்த கேமரா அது. பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சிப் பட முறையில் பதிவு செய்வது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஆனால் மின் அடாப்டர் வேலை செய்தது. உடலில் மூன்று இணைப்புத் துளைகள் இருந்தன: தொலைக்காட்சிக்குப் படமும் ஒலியும் கொடுக்கும் ஏவி துளை, யுஎஸ்பி துளை, ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருந்த, விரல் நகத்தைவிடச் சிறிய ‘டிவி’ துளை. வீட்டில் விண்டோஸ் 10 ஓடும் ஒரு மேசைக் கணினியும், யுஎஸ்பி துளைகள் மட்டுமே கொண்ட புதிய மடிக்கணினி ஒன்றும் இருந்தன.

“சார், வயரை மாட்டினா போட்டோ மட்டும் வருது, வீடியோவைக் காணோம்” என்றுதான் மகள் சிக்கலை விவரித்தார். அந்த ஒரு வாக்கியத்திலேயே முதல் தடயம் இருந்தது.

யுஎஸ்பி வழியே ஏன் வரவில்லை

இந்தத் தலைமுறைக் கேம்கார்டர்களில் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி துளை நாடாவுக்கு உரியதன்று. கேமராவில் செருகியிருக்கும் நினைவக அட்டையில் உள்ள நிழற்படங்களை எடுக்கவும், சில மாதிரிகளில் இணைய உரையாடலுக்குத் தாழ்ந்த தரத்தில் படம் அனுப்பவும் மட்டுமே அது பயன்பட்டது. பிற்காலத்து மாதிரிகள் சில மட்டும் யுஎஸ்பி 2.0 வழியாக டிவி ஓட்டத்தை முழுமையாக அனுப்பின. நாடாவில் இருப்பது கோப்பு அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது நாடா ஓடும்போது மட்டும் வெளிவரும் தொடர்ச்சியான தரவு ஓட்டம். அதனால் கேமராவைப் பென் டிரைவைப் போலத் திறந்து இழுத்துப் போட்டுக்கொள்ள வழியே இல்லை. ஒரு மணி நேர நாடாவைக் கணினிக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டே ஆக வேண்டும்.

இப்படி அமைந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. 1995 இல் அறிமுகமான டிவி வடிவம், படத்துக்கு மட்டும் வினாடிக்கு 25 மெகாபிட் எடுத்துக்கொள்கிறது. ஒலியும் துணைத் தகவல்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 28.8 மெகாபிட், அதாவது வினாடிக்கு 3.6 மெகாபைட். அந்தக் காலத்து யுஎஸ்பி 1.1 இன் உச்சவேகமே 12 மெகாபிட்தான். ஆகவே ஓடும் படத்தை அதன் வழியே அனுப்புவது நடவாத காரியம். 1995 இல் தரநிலையாக வெளிவந்த ஐ.ஈ.ஈ.ஈ. 1394 இணைப்போ 400 மெகாபிட் வரை தாங்கியது. ஒவ்வொரு வினாடியையும் 8000 சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் படத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஆப்பிள் இதை ஃபயர்வயர் என்றும், சோனி ஐ.லிங்க் என்றும், வேறு சில நிறுவனங்கள் டிவி துளை என்றும் அழைத்தன. பெயர்கள் வேறானாலும் பொருள் ஒன்றே. 480 மெகாபிட் வேகத்தோடு யுஎஸ்பி 2.0 வந்தது 2000 இல். அதற்குள் கேமராத் தொழில் ஃபயர்வயரில் நிலைபெற்றுவிட்டது.

பிறகு 2006 வாக்கில் ஏவிசிஎச்டி போன்ற வடிவங்கள் வந்து, கேமராக்கள் நினைவக அட்டையிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் கோப்புகளாகவே பதிவு செய்யத் தொடங்கின. அதோடு ஃபயர்வயரின் தேவை வீடுகளில் குறைந்தது, கணினி நிறுவனங்களும் அந்தத் துளையை ஒவ்வொன்றாக விட்டன. விண்டோஸ் 7 வரை இருந்த பழைய 1394 டிரைவர் (இணைப்பை இயங்குதளம் கையாள உதவும் மென்பொருள்) விண்டோஸ் 8 இலிருந்து அமைப்போடு சேர்ந்து வருவதில்லை. மேக் கணினிகளில் தண்டர்போல்ட் அடாப்டர் வழியாக நெடுநாள் ஓடிக்கொண்டிருந்த ஃபயர்வயர் ஆதரவை 2025 இல் வந்த மேக்ஓஎஸ் 26 நீக்கிவிட்டது. ‘பொருந்தவில்லை’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுவதற்குள் துளை, அதற்குப் பின்னால் இருக்கும் சில்லு, இயங்குதளத்தின் டிரைவர், நாடாவைக் கோப்பாக்கும் மென்பொருள் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. எந்த அடுக்கில் தடை என்று பார்க்காமல் கேபிள் மாற்றிக் கேபிள் வாங்குவதால் பணம்தான் போகும்.

வாங்கி வைத்திருந்த கேபிள்

இந்தக் குடும்பத்திலும் அது நடந்திருந்தது. ஒரு முனையில் கேமராவின் டிவி துளைக்குப் பொருந்தும் 4 பின் சொருகும், மறுமுனையில் சாதாரண யுஎஸ்பி சொருகும் கொண்ட கேபிள் ஒன்றை இணையக் கடையில் வாங்கியிருந்தார்கள். இரண்டு முனைகளும் அழகாகப் பொருந்தின, எதுவும் நடக்கவில்லை. நடக்கவும் செய்யாது. ஃபயர்வயரும் யுஎஸ்பியும் தரவைப் பேசும் முறையிலேயே வேறுபட்டவை: ஃபயர்வயரில் இணைந்த கருவிகள் சமநிலையில் பேசிக்கொள்கின்றன, யுஎஸ்பியில் கணினி ஆணையிட, கருவி பதில் சொல்கிறது. இடையில் மொழிமாற்றும் சில்லு எதுவும் இல்லாத, வெறும் செப்புக் கம்பிகள் மட்டும் கொண்ட கேபிள் இந்த வேறுபாட்டைத் தீர்க்கவே முடியாது.

இந்தக் கேபிள் பயனற்றது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. யுஎஸ்பி துளையில் 5 வோல்ட் மின்சாரம் எப்போதும் இருக்கிறது; 4 பின் டிவி துளையோ மின்சாரம் வாங்குவதற்கென்று அமைக்கப்பட்டதே அல்ல. உள்ளே கம்பிகள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியாத ஒரு கேபிளை இருபது ஆண்டுப் பழைய, மாற்று இல்லாத கேமராவில் சொருகுவது அந்தக் கேமராவின் உயிரோடு விளையாடுவதாகும். நல்லவேளையாக இங்கே கேமராவின் துளைக்குச் சேதம் இல்லை. இத்தகைய கேபிள் வீட்டில் இருந்தால் வேறு யாரும் எடுத்துச் சொருகாதபடி தூக்கி எறிந்துவிடுமாறு மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிப் பார்த்த வழிகள்

கைக்கு எட்டிய முதல் வழி ஏவி கேபிள். கேமராவின் ஏவி துளையிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்புச் சொருகுகள் வழியாகப் படத்தையும் ஒலியையும் எடுத்து, யுஎஸ்பியில் செருகும் சிறிய பதிவுக் கருவியில் கொடுத்தால் எந்த மடிக்கணினியும் அதை ஏற்றுக்கொள்ளும். விலை குறைவு, வேலை எளிது. ஆனால் நாடாவில் டிஜிட்டலாக இருக்கும் படம் இந்த வழியில் முதலில் அனலாக் அலையாக மாறி, பிறகு அந்த மலிவான கருவிக்குள் மீண்டும் டிஜிட்டலாகிறது. நிறங்களின் விளிம்பு கசிகிறது; ஒவ்வொரு பிரேமிலும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படத்திலும், பொதிந்திருக்கும் பதிவு நாளும் நேரமும், நாடாவின் நேரக்குறியும் வழியிலேயே தொலைந்துபோகின்றன. கேமராவின் டிவி துளை பழுதாகிவிட்டிருந்தால் இதுவே சரியான வழி. துளை நன்றாக இருக்கும்போது இதைத் தேர்வது கையிலிருக்கும் மூலத்தைவிட்டு மங்கிய படியை எடுத்துக்கொள்வதாகும்.

கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடியாக்குவது இரண்டாவது வழி. சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் இரண்டு கேசட்டுகளை அப்படி மாற்றி வைத்திருந்தார். அந்த வட்டுகள் கைவசம் இருந்ததால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு மணி நேர டிவி பதிவு ஏறத்தாழ 13 ஜிகாபைட். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்க வேண்டுமானால் மறுபடியும் சுருக்கித்தான் ஆக வேண்டும். பார்ப்பதற்கு அது போதும், காப்பதற்குப் போதாது.

ஃபயர்வயர் துளையுள்ள பழைய மடிக்கணினி அல்லது பழைய மேக் ஒன்றைத் தேடுவது மூன்றாவது வழி. தெரிந்தவர் வீட்டில் அப்படி ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மடிக்கணினிகள் பலவற்றில் சிறிய 4 பின் துளை பக்கவாட்டிலேயே இருக்கும். இந்த ஊரில் கேட்டுப் பார்த்ததில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

நாங்கள் தேர்ந்தது நான்காவது வழி. மேசைக் கணினியைத் திறந்து பார்த்தபோது தாய்ப்பலகையில் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதில் பொருத்த, வியா நிறுவனச் சில்லு கொண்ட ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் பழைய பொருள் கடையில் வாங்கினோம். கூடவே 6 பின்னிலிருந்து 4 பின்னுக்குப் போகும் உண்மையான ஃபயர்வயர் கேபிள் ஒன்று. கேமராவை இன்றைய கணினிக்கு ஏற்ப வளைக்க முயல்வதைவிட, கணினியைக் கேமராவின் காலத்துக்குக் கொண்டுபோவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. கணினியில் அட்டையை மாற்றலாம், இயங்குதளத்தை மாற்றலாம். அந்தக் கேமராவில் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

விண்டோஸிலேயே தொடர்ந்திருக்கவும் முடியும். பழைய 1394 டிரைவரை மைக்ரோசாஃப்ட் தனித் தொகுப்பாக வெளியிட்டிருந்தது. அதை நிறுவி, சாதன மேலாளரில் அட்டையின் டிரைவரை அந்தப் பழைய வகைக்கு மாற்றினால் பல கணினிகளில் கேமரா தெரியவரும். ஆனால் வீட்டார் அன்றாடம் வேலைக்குப் பயன்படுத்தும் கணினியின் அமைப்பைக் கலைக்க நான் விரும்பவில்லை. ஆகவே தனி எஸ்எஸ்டி ஒன்றில் லினக்ஸை நிறுவி, இந்த வேலைக்கு மட்டும் கணினியை அதிலிருந்து இயக்கினோம். லினக்ஸின் மையப்பகுதியான கருவகத்தில் ஃபயர்வயர் டிரைவர் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2029 வரை அதைப் பராமரிக்கப்போவதாக அதன் பராமரிப்பாளர் 2023 இல் அறிவித்திருக்கிறார். நாடாவை ஓட்டிப் பதிவு செய்ய டிவிகிராப் என்ற சிறிய, இலவசக் கட்டளைவரி மென்பொருள் போதுமானது.

நாடாவைத் தொடுவதற்கு முன்

கேசட்டுகளைக் கேமராவில் போடுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, சாளரம் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பார்த்தோம். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூல்போன்ற படிவோ தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடக் கூடாது. போட்டால் பூஞ்சை முதலில் கேமராவில் நாடாவைப் படிக்கும் தலையில் ஒட்டும், அங்கிருந்து அடுத்தடுத்த நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். ஒரே ஒரு கேசட்டில் சந்தேகம் வந்தது; அதைத் தனியே எடுத்து வைத்து, மற்ற எல்லாம் முடிந்த பிறகே தொடுவது என்று முடிவு செய்தோம்.

பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவில் இழுவிசை சீராக இருக்காது. ஆகையால் ஒவ்வொரு கேசட்டையும் கடைசிவரை முன்னே ஓட்டி, பிறகு தொடக்கத்துக்குத் திரும்பச் சுற்றிய பின்னரே பதிவைத் தொடங்கினோம். அந்த வேலையைச் செய்யும்போது சுற்றும் ஓசையைக் கவனிப்பது பயன்தரும். ஒரே சீராகப் போகும் ஓசை திடீரென்று இழுபட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். நாடா அறுந்தால் ஒட்டலாம், ஆனால் அந்த ஒட்டு சுழலும் தலையின் மேல் ஓடுவது தலைக்கே ஆபத்து.

கேபிளைச் சொருகும் ஒழுங்கும் இங்கே முக்கியம். கணினியையும் கேமராவையும் அணைத்துவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் பொருத்தி, பிறகே மின்சாரம் கொடுத்தோம். 6 பின் துளையில் மின்சாரம் உண்டு; தரநிலை அதை 30 வோல்ட் வரை அனுமதிக்கிறது. அந்தச் சொருகைத் தலைகீழாக அழுத்திச் செருகிக் கேமராவைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. கேமராவின் 4 பின் துளையோ மிக மென்மையானது. ஒருமுறை சொருகிய கேபிளை வேலை முடியும்வரை பிடுங்காமல், இடறாதபடி மேசையோடு ஒட்டி வைத்தோம்.

ஓட்டமும் பதிவும்

கேமராவைப் பதிவு நிலையிலிருந்து மாற்றி நாடா ஓட்டும் நிலையில் வைத்ததும், கணினி அதைப் பெயரோடு அடையாளம் கண்டது. ஆயினும் பதிவுக் கட்டளை முதலில் மறுக்கப்பட்டது. சாதனத்தைத் திறக்கும் உரிமை சாதாரணப் பயனர் கணக்குக்குக் கொடுக்கப்படாததே காரணம். அந்த உரிமையைக் கொடுத்ததும் கணினியிலிருந்தே கேமராவின் நாடாவை ஓட்டவும் நிறுத்தவும் முடிந்தது. ஃபயர்வயரில் படம் போகும் அதே கம்பியில் இந்தக் கட்டளைகளும் போகின்றன. பதிவான தரவை எவ்வித மாற்றமும் இல்லாமல் மூல டிவி கோப்பாகவே எழுதும்படியும், பதிவு நிறுத்தித் தொடங்கிய இடந்தோறும் கோப்பைப் பிரிக்கும்படியும், ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நாடாவில் பதிந்துள்ள நாளையும் நேரத்தையும் சேர்க்கும்படியும் டிவிகிராப்பை அமைத்தோம்.

கோப்புகள் போய்ச் சேரும் டிஸ்க்கையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்த வெளி டிஸ்க் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. டிவி கணக்கில் அது 20 நிமிடத்துக்கும் குறைவு. விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டில் ஒரே ஓட்டமாகப் பதிவான கதைப்பகுதி அதைவிட நீளமாக இருக்கும். ஆகவே முதல் பதிவுகளைக் கணினிக்குள் இருந்த எஸ்எஸ்டியிலேயே எழுதி, வெளி டிஸ்க்கை வேறு முறையில் வடிவமைத்த பிறகு நகலெடுத்தோம். கேமரா யாருக்காகவும் காத்திருப்பதில்லை: டிஸ்க் ஒரு கணம் தடுமாறினால் அந்தக் கணத்தின் பிரேம்கள் போனவைதான், மறுபடி அனுப்பும் வழக்கம் இந்த ஓட்டத்தில் இல்லை. பதிவு நடக்கும்போது கணினியில் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது என்று வீட்டார் அனைவரிடமும் சொல்லி வைத்தோம்.

முதல் சில கேசட்டுகள் நன்றாக வந்தன. அடுத்து ஒன்றில் படம் திடீரென்று குறுக்குப் பட்டைகளாகப் பிளந்தது. ஒரு பட்டையில், வில்லடித்துக் கதை பாடும் புலவரின் முகம் அசைகிறது. அதற்கடுத்த பட்டையில் சில வினாடிகளுக்கு முந்தைய காட்சி சதுரச் சதுரமாக உறைந்து நிற்கிறது. மீண்டும் ஒரு பட்டை அசைகிறது. பார்த்ததும் நாடா கெட்டுவிட்டதென்றே ஆசிரியர் மனம் தளர்ந்தார். ஆனால் பட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒரே அகலத்தில் இருந்தன என்பதே நல்ல அறிகுறி. பால் முறை டிவியில் ஒரு பிரேம் நாடாவில் 12 சாய்வுத் தடங்களாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு தடமும் படத்தின் 576 வரிகளில் 48 வரி கொண்ட ஒரு பட்டையைத் தாங்குகிறது. நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் உருளையில் எதிரெதிரே உள்ள இரு தலைகள் அந்தத் தடங்களை மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்றுவிட்டு ஒரு பட்டை உறைகிறதென்றால் ஒரு தலை படிக்கவில்லை, மற்றொன்று ஒழுங்காகப் படிக்கிறது என்று பொருள். நாடா கெட்டிருந்தால் சேதம் இவ்வளவு ஒழுங்காக விழாது. உலர் வகைச் சுத்தம் செய்யும் கேசட்டை, அதன் உறையில் சொன்ன சில வினாடிகள் மட்டும் ஓட்டி எடுத்தபின் அதே இடம் முழுப் படமாக வந்தது. அந்தக் கேசட்டை அளவுக்கு மேல் ஓட்டினால் தலையே தேய்ந்துவிடும் என்பதால், பட்டை தெரியும்போது மட்டுமே அதைப் பயன்படுத்தினோம்.

எல்பி எனப்படும் நீள ஓட்ட முறை இதைவிடக் கடினமான சிக்கலைக் கொடுத்தது. கேசட்டின் விலையை மிச்சம் பிடிக்க ஆசிரியர் பல கொடைகளை அந்த முறையில் பதிந்திருந்தார். 60 நிமிட நாடாவில் 90 நிமிடம் கிடைக்கும். படத்தின் தரம் இதனால் குறைவதில்லை, தரவின் அளவும் மாறுவதில்லை. நாடா மெதுவாக ஓடுவதால் தடங்கள் நெருங்கிவிடுகின்றன. சாதாரண முறையில் 10 மைக்ரான் அகலமுள்ள தடம் எல்பியில் 6.7 மைக்ரானாகக் குறுகுகிறது. அவ்வளவு குறுகிய தடத்தை, பதிந்த கேமராவின் தலைதான் சரியாகப் பின்தொடரும். வேறு கேமராவில் போட்டால் பல நேரம் படம் நொறுங்கும். பழைய கேமராவைக் கழித்துவிட்டு வேறொன்றை வாங்கிவிடலாம் என்று யோசிக்கும் குடும்பங்கள், கேசட்டுகள் எந்த முறையில் பதிவானவை என்று பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது. இங்கே பதிந்த கேமராவே கையில் இருந்ததால் பெரும்பாலான எல்பி கேசட்டுகள் தப்பின.

தப்பாத இடங்களில் ஒரே பகுதியை மீண்டும் ஓட்டிப் பதிந்தோம். நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் பிழை அதே பிரேமில் அதே அளவில் விழுவதில்லை. ஒரு பதிவில் சிதைந்த பட்டை மற்றொரு பதிவில் நலமாக இருக்கும். ஆவணக் காப்பாளர்களுக்காக உருவாக்கப்பட்ட டிவிரெஸ்க்யூ என்ற திறமூல மென்பொருள், இத்தகைய பல பதிவுகளை நேரக்குறியைக் கொண்டு ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் பிழையற்ற பகுதிகளை எடுத்து ஒரே கோப்பாக இணைக்கிறது. எந்தப் பிரேமில் கேமரா பிழையை மறைத்து முந்தைய படத்தை நிரப்பியது என்பதையும் அது பட்டியலிடுகிறது. கண்ணுக்குத் தப்பிவிடும் சிதைவுகூட அதில் அகப்படும். இந்த வேலை மூலத் தரவு கையில் இருந்தால் மட்டுமே முடியும். ஏவி கேபிள் வழியே போயிருந்தால் பிழைக்குறிகள் எதுவும் கணினிக்கு வந்தே இருக்காது.

ஒலி

வில்லுப்பாட்டைப் பொறுத்தவரை ஒலிதான் உயிர். டிவி வடிவத்தில் பெரிதும் பயன்பட்ட ஒலி முறைகள் இரண்டு: 16 பிட்டில் 48 கிலோஹெர்ட்ஸ் இரு தடங்கள், 12 பிட்டில் 32 கிலோஹெர்ட்ஸ் நான்கு தடங்கள். பின்னால் விளக்கவுரை சேர்த்துக்கொள்வதற்காக இரு தடங்களைக் காலியாக விடும் 12 பிட் முறையிலேயே பல கேமராக்கள் கடையிலிருந்து வந்தன, இதுவும் அப்படியே. ஆசிரியர் 2006 வாக்கில் அதை 16 பிட்டுக்கு மாற்றியிருக்கிறார். அந்த மாற்றம் ஒரு கேசட்டின் நடுவில் நிகழ்ந்திருந்தது. கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஒலி முறையை முழுக் கோப்புக்கும் பொருத்திக்கொள்ளும் மென்பொருளில் அந்த இடத்துக்குப் பிறகு குரல் சுருதி மாறி ஒலித்தது, உதட்டசைவும் விலகியது. தரவில் குற்றமில்லை. முறை மாறும் பிரேமில் கோப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்ததும் குரல் நேரானது.

32 கிலோஹெர்ட்ஸில் பதிந்தவற்றில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி இல்லவே இல்லை. குடத்தின் அடியும் உடுக்கையின் நடையும் நிறைவாகக் கேட்கின்றன. வில்லில் கட்டிய மணிகளின் கூர்மை மட்டும் பிந்தைய 16 பிட் கேசட்டுகளில் இருப்பதுபோல இல்லை. அதைச் செயற்கையாகக் கூட்டும் வழிகள் இருந்தும் மூலக் கோப்பில் நான் கை வைக்கவில்லை.

கோப்பின் பெயரில் ஏறிய நாளும் நேரமும் எதிர்பார்த்ததைவிட அதிகம் பயன்பட்டன. உறைமேல் எழுதிய மை அழிந்துபோன கேசட்டுகள் எந்த ஊர்க் கொடை என்று நாளை வைத்தே ஆசிரியர் சொல்லிவிட்டார். கேமராவின் கடிகார மின்கலம் தீர்ந்த பிறகு பதிந்த சிலவற்றில் நாள் இல்லை. அவற்றுக்கு வில்லுப்பாட்டின் அமைப்பே கைகொடுத்தது: காப்பும் அவையடக்கமும் முடிந்து நாட்டு வளம் பாடும் இடத்திலும், கடைசியில் வாழி பாடும் இடத்திலும் புலவர் கோயிலையும் ஊரையும் கொடை நடத்துவோரையும் பெயர் சொல்லிப் பாடுகிறார். அந்தப் பகுதிகளைக் கேட்டு ஊரைக் குறித்துக்கொண்டோம்.

பார்ப்பதற்கான படி

மூலக் கோப்புகள் பத்திரமான பிறகே, கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்க்கத்தக்க படிகளைச் செய்தோம். இங்கே இரண்டு இடங்களில் பலரும் தரத்தை இழக்கிறார்கள். முதலாவது, டிவி படம் வினாடிக்கு 25 முழுப் பிரேம்களாக இல்லை. ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக 50 அரைப்படங்களாக இருக்கிறது. மாற்றாமல் விட்டால், வீசுகோல் வில் நாணில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கோலின் விளிம்பு சீப்புப் பல்லைப்போல் கிழிந்து தெரியும். இரண்டு அரைப்படங்களையும் கலந்து 25 பிரேமாக்கினால் கோல் மங்கிய நிழலாகிவிடும். அரைப்படம் ஒவ்வொன்றையும் முழுப் பிரேமாக்கி வினாடிக்கு 50 பிரேம் கொண்ட கோப்பாகச் செய்தபோதுதான் கோல் எழுவதும் விழுவதும் தனித்தனியே தெரிந்தன. இதைச் செய்யும் மென்பொருளுக்கு, டிவியில் கீழ் அரைப்படமே முதலில் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் அசைவெல்லாம் முன்னும் பின்னுமாகத் துள்ளும்.

இரண்டாவது, படத்தின் அகலம். பால் டிவியின் 720க்கு 576 என்ற அளவில் உள்ள புள்ளிகள் சதுரமானவை அல்ல. 4:3 படத்தைச் சதுரப் புள்ளிகளுக்கு மாற்றும்போது 768க்கு 576 என்று எழுத வேண்டும். இன்றைய அகலத் திரைக்காக அதை 16:9 ஆக இழுத்துவிடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. புலவரையும் குடம் அடிப்பவரையும் அப்படி அகட்டிக் காட்ட எந்த நியாயமும் இல்லை. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருக்கட்டும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் கொண்டு எச்.264 வடிவில் செய்த இந்தப் படிகளில் ஒரு மணி நேரம் 3 ஜிகாபைட்டுக்குள் அடங்கியது.

முன்பு ஸ்டுடியோவில் செய்த டிவிடியோடு அதே கேசட்டின் புதிய பதிவை ஒரே திரையில் அருகருகே ஓட்டிப் பார்த்தோம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி. டிவிடியில் பந்தலின் இருண்ட மூலை கட்டம் கட்டமாக அலைந்தது, புதிய பதிவில் அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்கள் தெரிந்தன. அவர்களில் இருவரை ஆசிரியர் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்.

இப்போதைய நிலை

மூல டிவி கோப்புகள் இரண்டு வெளி டிஸ்க்குகளில் இருக்கின்றன; ஒன்று ஆசிரியர் வீட்டில், மற்றொன்று வெளியூரில் மகள் வீட்டில். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பின்னால் பார்ப்பதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து, ஊர், கதை, நாள், பாடியவர் விவரங்களோடு ஒரு பட்டியலில் சேர்த்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்க்கை இணைத்து அந்த எண்களை ஒப்பிடும் பொறுப்பை மகள் ஏற்றிருக்கிறார். கேசட்டுகளை எறியவில்லை, அவை நிமிர்த்தி அடுக்கப்பட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் இருக்கின்றன. கேமராவும் ஃபயர்வயர் அட்டையும் கேபிளும் அதே பெட்டியில் உள்ளன.

முடியாதவையும் உண்டு. பூஞ்சை சந்தேகத்தால் ஒதுக்கிய கேசட்டை இந்தக் கேமராவில் போடும் துணிவு யாருக்கும் வரவில்லை; நாடாச் சுத்திகரிப்புக் கருவி வைத்திருக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றிடம்தான் அதை ஒப்படைக்க வேண்டும். மேலும் இரண்டு கேசட்டுகள் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த உறவினர் தமது கேமராவில் பதிந்துவிட்டுப் போனவை. அவை என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறொரு பட முறையில் உள்ளன, ஒரு பிரேமுக்கு 10 தடங்கள், வினாடிக்கு 29.97 பிரேம்கள். இந்தப் பால் கேமரா அவற்றைப் படிக்க மறுக்கிறது. கணினியின் பக்கத்தில் எல்லாம் தயாராக இருப்பதால், டிவி துளை வேலை செய்யும் ஒரு என்டிஎஸ்சி கேமராவைச் சில நாட்களுக்கு இரவல் தரக்கூடியவரை உறவினர் வழியாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.